இடப்பக்கம் காலி

மாமா தெரு நடுவில் நின்று, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஸ்டீயரிங் முன்னால் என் ஓரகத்தி உட்கார்ந்திருந்தாள். மாமா எங்கள் மாமனார்; அவருக்கு அவள் பெரிய மருமகள், நான் சின்னவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நாலு கதவுக் கண்ணாடியிலும் கறுப்பு ஃபிலிம் ஒட்டி முடித்து, சோப்புத் தண்ணீர் இன்னும் கதவில் வழிந்துகொண்டிருந்தது. மாமா இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்துவிட்டு, "பொடவ கலரு தெரியுதேப்பா, மஞ்சக் கலரு. இன்னொண்ணு போடு" என்றார். ஃபிலிம் ஒட்ட தாம்பரத்திலிருந்து வந்திருந்தவர் ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "ஐயா, ஒண்ணு போட்டதே ஜாஸ்தி. சைடு கண்ணாடில பாதி வெளிச்சமாவது போவணும்னு ரூல் கீது. ரெண்டு போட்டா உள்ள குந்தினு கீறவங்களுக்கே ஒண்ணும் தெரியாது." மாமா, "தெரியக் கூடாதுன்னுதானப்பா போடச் சொல்றேன்" என்றார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களைப் பற்றி மட்டுமே அவருக்கு யோசனை. இரண்டாவது ஃபிலிமும் ஏறியது. மஞ்சள் புடவை மறைந்தது.

மாமாவைக் கொடுமைக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். செம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, முதலில் மாடி கட்டி, பிறகு பழைய ஃபியட் கார் ஒன்றையும் வாங்கிய குடும்பம் எங்களுடையது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிரைவர் ஒருவர் இருந்தார். சொந்தமாக வண்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் கணவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் டைல்ஸ் கடையை விட்டு நகர முடியாது. என் வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் ஷிஃப்ட். அந்த நேரம் பார்த்து அத்தைக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம், தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் அக்கா, தன்னிடம் லைசென்ஸ் இருக்கிற விஷயத்தைச் சொன்னாள். கூடுவாஞ்சேரியில் அவள் அப்பா வாடகைக் கார் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்து லைசென்ஸும் வாங்கித் தந்திருந்தார். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் அது ஏழு வருஷமாகக் கிடந்தது.

தாம்பரத்தில் அப்போதே ஒரு டாக்டரம்மா கார் ஓட்டினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா ஓட்டினால் அது டாக்டர் ஓட்டுவது. எங்கள் வீட்டு மருமகள் ஓட்டினால் வீட்டில் ஆம்பளை இல்லை என்று அர்த்தம். மாமா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "ஓட்டட்டும். ஆனா நம்ம வூட்டுப் பொண்ணு ஸ்டேரிங் புட்ச்சிகினு போறத ஊரு பாக்க வேணாம்" என்று முடிவு சொன்னார். ஃபிலிம் வந்த கதை அதுதான். கண்ணாடியை இறக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை.

அந்தக் காரில் இடப்பக்கம், பின்னால் வருவதைக் காட்டும் வெளிக் கண்ணாடி கிடையாது. அதனால் முன்னால், அக்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பார்த்துச் சொல்வது என் வேலையாயிற்று. திரும்புவதற்கு முன் அவள் "எடது?" என்று கேட்பாள். நான் "காலி" என்பேன், அல்லது "இருங்க" என்பேன். இரண்டே வார்த்தை. போகும்போது வெயில் இருக்கும். சைக்கிளும் ஆட்டோவும் நிழல் மாதிரியாவது தெரியும். திரும்பி வருகிற நேரம் இருட்டத் தொடங்கிவிடும். சீயக்காய் கரைத்த தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பது போல இருக்கும். நான் இயற்கையிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள். கட்டுப் போடுகிற நாளில் மத்தியானச் சாப்பாடே இறங்காது. பயம் தாங்காமல் யாருக்கும் தெரியாமல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, அந்த இடுக்கு வழியாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தை பார்த்தும் பாராதது போல இருப்பார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. ராஜகீழ்ப்பாக்கம் முனையில் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் மாமாவின் பங்காளி ஒருவர் தினமும் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் மாமாவைப் பிடித்து, "இன்னாப்பா, உன் காரு தானா ஓடுதா? டிரைவர கண்ணுல காட்டவே மாட்டேன்ற?" என்று கேட்டுவிட்டார். இடுக்கு வழியாக எதையாவது பார்த்துவிட்டாரோ என்னவோ. மறுநாள் காலை மாமா எங்கள் இருவரையும் நிற்கவைத்து, கண்ணாடி ஒரு நூல்கூட இறங்கக் கூடாது என்று கண்டித்தார். அன்றைக்குக் கட்டுப் போடுகிற நாள்.

அன்று டாக்டர் அத்தையை ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லிவிட்டார். துணைக்கு மாமா வந்து இருந்துகொண்டார். அக்காவும் நானும் மட்டும் திரும்பினோம். விளக்கு வைக்கும் நேரம். கடைகளில் டியூப்லைட் எரிய ஆரம்பித்திருந்தது. அந்த வெளிச்சம் முன் கண்ணாடி வழியாக உள்ளே விழுந்து, ஃபிலிமில் எங்கள் முகத்தையே எங்களுக்குக் காட்டியது. ராஜகீழ்ப்பாக்கம் முனை வந்தது. இடப்பக்கம் திரும்ப வேண்டும். அக்கா வேகத்தைக் குறைத்து, "எடது?" என்றாள். என் கை கண்ணாடிக் கைப்பிடிக்குப் போனது. டீக்கடை நினைவு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியில் என் மூக்குத்தி தெரிந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "காலி" என்றேன்.

பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு டிபன் பாக்ஸ் உருண்ட சத்தமும், கதவோடு இரும்பு ஏதோ உரசுகிற சத்தமும்தான். அக்கா பிரேக்கை மிதித்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்துக் கதவில், கீழே, உள்ளங்கையால் தட்டுவது போல இரண்டு தட்டு விழுந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. எப்படி வந்ததோ தெரியாது, நான் சொன்னேன்: "நிக்காதீங்க அக்கா, போயிடலாம். உள்ள யாருன்னு யாருக்கும் தெரியாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகமும் சரியாகத் தெரியவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு நடுத்தெருவில் இறங்கிவிட்டாள்.

"டேய், லேடீஸ்டா!" என்று யாரோ கத்தினார்கள். டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. பங்காளி கையில் டம்ளரோடு, "இது நம்ம பெரியவரு வூட்டு மருமவளாச்சே" என்றார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரின் முன்பக்கமாகச் சுற்றி ஓடினாள். சைக்கிளை இழுத்துப்போட நாலு பேரைக் கூப்பிட்டாள். கதவைத் திறந்து, "பின்னாடி போய் ஒக்காரு, தலையப் புட்ச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னாள். நான் இறங்கியது அப்போதுதான்.

லெதர் கம்பெனியில் வேலை முடித்து வந்துகொண்டிருந்த மனிதர் அவர். நாற்பது வயது இருக்கும். அவர் தலை என் மடியில் இருந்தது. ரத்தம் புடவையை நனைத்து என் தொடையில் சூடாக இறங்கியது. "என் டிபன் பாக்ஸு எங்கம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா நாலு கண்ணாடியையும் அடிவரை இறக்கிவிட்டு, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், வந்த வழியே தாம்பரத்துக்கு ஓட்டினாள். வழி நெடுக ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சேலையூர் தாண்டும்போது அவர் டிபன் பாக்ஸைக் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பயங்களைப் பார்த்துவிட்டேன், பிரசவம், ஆபரேஷன், வீட்டுக்குள் வெள்ளம். அந்த விரலில் மூச்சு படுகிறதா என்று பார்த்த பயத்துக்கு அதெல்லாம் உறை போடக் காணாது.

வலது தொடை எலும்பு முறிந்திருந்தது, தலையிலும் அடி. மூன்றாம் நாள்தான் கண் விழித்தார். அந்த மூன்று நாளும் விநாயகர் கோயிலில் சுற்றினேன், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டியது பாதிதான். இடப்பக்கம் யார் பார்த்தது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது மீதிப் பாதி.

கேட்டார்கள். ஸ்டேஷனில் மாமா முதலில், "பெரியவன் ஓட்டினான்னு எழுதிக்குங்க சார்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அக்கா, "இல்ல சார், நான்தான் ஓட்டினேன்" என்றாள். மாமா முன்னால் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, "எடது பக்கம் பாக்காமயா திருப்பின?" என்று கேட்டார். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டு ஃபிலிம் ஒட்டியிருந்துது சார். ஒண்ணும் தெரியல. தெரியாமத்தான் திருப்பினேன்" என்றாள். ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

கோர்ட்டில் அக்கா தப்பை ஒப்புக்கொண்டாள். அபராதம் கட்டினாள், லைசென்ஸைக் கொஞ்ச காலம் முடக்கி வைத்தார்கள். வண்டி ஸ்டேஷனிலிருந்து வந்த அன்றே, பட்டப்பகலில் தெருவில் உட்கார்ந்து வெந்நீரும் பிளேடுமாக ஃபிலிமை உரித்தாள். இரண்டு ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. பசை போகச் சாயங்காலம் ஆயிற்று. நான் வெந்நீர் மொண்டு கொடுத்தேன். மாமா அதற்குப் பிறகு ஃபிலிம் பேச்சை எடுக்கவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் ஓட்டினாள். ஊர் நாலு நாள் பேசியது, பிறகு அவசரத்துக்கு அவளையே கூப்பிட்டது.

அந்த மனிதர் எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவர். தேறி வந்தார், ஆனால் வலது கால் குட்டையாகிவிட்டது. சைக்கிளை விட்டுவிட்டு நடந்துதான் பஸ்ஸுக்குப் போவார். ஒரு கால் ஊன்றுகிற சத்தமும் ஒரு கால் இழுபடுகிற சத்தமும் காலை ஏழரைக்கு எங்கள் வாசலைத் தாண்டும். அக்கா வாசலுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்.

இருபது வருஷம் போனது. ஃபிலிமே கூடாது என்று கோர்ட் சொல்லி, சாலையில் வண்டிகளை நிறுத்திப் போலீஸ்காரர்கள் உரித்துக்கொண்டிருந்த சமயம். அக்காவும் நானும் தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பெரிய கார் ஒன்றிலிருந்து ஃபிலிமை ஒரு கான்ஸ்டபிள் நகத்தால் கிள்ளி, சர்ரென்று இழுத்தார். உள்ளே ஒரு பெண் திடுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "அக்கா, அன்னிக்கு நான் பாக்காமலே காலின்னு சொன்னேன்" என்றேன்.

அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும். அந்த இருட்டுல உனக்கு இன்னா தெரிஞ்சிருக்கும்? தெரிஞ்சிதான் நானும் திருப்பினேன். யாராவது காலின்னு சொன்னாப் போதும்னு இருந்துச்சு" என்றாள். நான் கேட்கத் துணியாத இன்னொன்றுக்கும் அவளே பதில் சொன்னாள். "போயிடலாம்னு சொன்னியே, அதுவும் என் மனசுல ஓடினதுதான். கியர் போட்டுட்டேன். உன் வாயால கேட்டதும் பயந்துட்டேன். அதான் கதவத் தொறந்தேன்." அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டோம்.

அக்கா போன வருஷம் தவறிப்போனாள். மாரடைப்பு, படுக்கையில் கிடக்காமல் போனாள். சாவுக்கு ஊரே வந்தது. அந்த மனிதரும் வந்தார், எழுபதைத் தாண்டிய கிழவராக, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பந்தலில் இருந்தவர்களிடம், "வேற எவனா இருந்தாலும் அன்னிக்கு வண்டியை எடுத்துகினு போயிருப்பான். உள்ள யாருன்னே தெரியாது. இந்தம்மா எறங்கி வந்துச்சு. அதான் நான் இன்னும் உசுரோட கீறேன்" என்றார். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன்.

அவர் சுற்றிலும் பார்த்து என்னைக் கண்டுபிடித்தார். காலை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்தம்மாவும் கூட இருந்தாங்க. இவங்க மடியிலதான் என் தலை இருந்துச்சு" என்று பேரனிடம் சொன்னார். "கால்ல வுளுடா. ஓடிப்போவணும்னு நெனக்காத புண்ணியவதிங்க."

பையன் குனிந்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பந்தல் முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பையன் தலைமேல் கையை வைத்து, "நல்லா இருப்பா" என்றேன்.