தறி ஓடும்போது மட்டும்

தறி ஓட்டும் கருப்பாத்தாளின் காதில் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறார் மாசாணியம்மாள். சூலூர்ப் பக்கத்து ஊர்களுக்கு அவர்தான் அரசாங்க நர்ஸ். வீடு வீடாகப் போக வேண்டிய வேலைதான். ஆனாலும் விசாரணையெல்லாம் தறிக்குடோனில்தான் வைத்துக்கொள்வார். பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடும்போது, இரண்டடி தள்ளி நிற்பவருக்கு எதுவும் கேட்காது.

“ஊட்டுல கேட்டா மாமியா பக்கத்துல நிப்பா, கொழுந்தன் கட்டில்ல படுத்திருப்பான். அப்ப அத்தன பேருத்துக்கும் தலவலி, இல்லீன்னா வயித்துவலி. பொம்பளைக்கு ஒடம்புல வேற எடமே இல்லாத மாதிரி!” என்று சிரிப்பார்.

பையில் சத்து மாத்திரையோடு கடலை மிட்டாயும் இருக்கும். உள்ளதைச் சொல்பவளுக்கு ஒன்று. தள்ளி நின்று வாயசைவை மட்டும் பார்க்கும் முதலாளி வேங்கடசாமி, அவர் வெளியே வந்ததும் விடமாட்டார்.

“ஏனுங்க நர்சம்மா, அப்புடி என்ன ரகசியம்?”

“சளிக்கு மருந்துங்க.”

கருப்பாத்தாள் மூன்று மாதமாக இடுப்புவலி என்றே சொல்லிவந்தாள். முகமோ வெளுத்துக்கொண்டே போனது. பெரியாஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வர மாட்டாள். இன்றைக்குத்தான் “தீட்டு…” என்று இழுத்தாள்.

“கையக் கிழிச்சுட்டா தீட்டுன்னா சொல்லுவ? ரத்தம்னு சொல்லு கண்ணு!”

கருப்பாத்தாள் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். “மூணு மாசமா ரத்தம் நிக்கலீங்க நர்சம்மா!”

பாதி வாக்கியத்தில் கரண்ட் போய்விட்டது.

தறிகள் நின்ற அமைதியில் அவள் குரல் மட்டும் குடோன் முழுக்கக் கேட்டது. ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். வேங்கடசாமி தொண்டையைச் செருமி, “வாங்கப்பா, டீ குடிச்சுப்போட்டு வரலாம்” என்று அவர்களை ஓட்டிக்கொண்டு போனார். கருப்பாத்தாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். இப்போது போனால் இனி வாயே திறக்க மாட்டாள்.

மாசாணியம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை. “வியாழக்கெழம மொத பஸ்ஸு, அம்மணி. நானும் கூட வாரேன்.”

அவள் நிற்கவில்லை.

“எனக்கும் அப்புடித்தானுங்க, ரெண்டு மாசமா.” நான்காம் தறி ஓட்டும் இளவேனில் சொன்னாள். கத்தாமல், சாதாரணக் குரலில்.

கருப்பாத்தாள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மாசாணியம்மாள் நடுவுக்கு நகர்ந்து, இரண்டு பக்கமும் கையால் தட்டிக் காட்டினார்.