லாச்சிக்குள் இருக்கும் ரவியின் கட்டு

சுனாமி முகாமில் நிவாரணப் பெட்டியோடு வந்த காட் விளையாட்டு அது, மிருகப் படம் போட்ட சீட்டுகள். வந்தது ஒரே பெட்டி, வேறு வாங்க வழியில்லை. ரவி, நாசர், நான், இன்னொரு கூட்டாளி என நாலு பேரும் பங்குபோட்டு, பிடித்ததை மாற்றி ஆளுக்கொரு கட்டுச் சேர்த்தோம்.

ஒருவன் பலமான சீட்டை முதலில் இறக்கினால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து அதை அடிப்போம். அதனால் ரவி தன் டிராகன் சீட்டைக் கடைசிவரை ஒளித்து வைத்துத்தான் வெல்வான்.

பிறகு வன்னிக்குப் போன ரவியைப் பற்றி, யுத்தம் முடிந்தும் இன்றுவரை தகவல் இல்லை.

இன்று என் கடையில் நாசர் கேட்டான்: "அவன்ட கட்டு மேசை லாச்சிக்குள்ள சும்மாதானே கிடக்கு. பிரிப்பமா மச்சான்?"

சரக்கைத் தேங்கவிடுகிற ஆள் நானில்லை. ஆனாலும், "வேணாம், வந்து கேப்பான்" என்றேன்.

"வருவானா?"

"அவன் எப்பவும் கடைசியிலதானே காட்டுவான்."

நாசர் தன் கட்டைக் கலைக்கத் தொடங்கினான். மூன்று பேராகவே ஆடினோம்.

ரவியைக் கண்ட ஆக்கள் இருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதுங்க. ஆறுதல் வேணாம், அது கடையில் நிறையவே கிடக்கு.