ஓரெழுத்து மேடம்

எந்தக் கணினியைத் திறந்தாலும் அவள் முதலில் தவறான கடவுச்சொல்லைத்தான் அடிப்பாள். கைதவறி அல்ல, வேண்டுமென்றே. 'தவறு' என்று திரை சொன்ன பிறகுதான் நிம்மதியாகச் சரியானதை அடிப்பாள். பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"சரியா அடிச்சா உள்ள விடும், அது ஊருக்கே தெரியும் சார். தப்பா அடிச்சாலும் விட்டுடுச்சுன்னா?" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக் கதவுக்கும் இதே மரியாதைதான். பூட்டிய கையோடு தோளால் ஓர் இடி. படியில் காத்திருக்கும் அம்மாவுக்கு எரிச்சல் வரும். "பூட்டறதுக்கா வந்தே, உடைக்கறதுக்கா வந்தே?" நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் இன்னமும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே என்ற அலுப்பும் அந்தக் குரலில் இருக்கும்.

போனிலும் கணினியிலும் ஓடும் செயலிகளுக்குப் பூட்டும் கையொப்பமும் போட்டுக் கொடுப்பது அவள் பிழைப்பு. அனுப்பும் செய்தியை வழியில் எவரும் படிக்காதபடி மறையாக்கம் செய்வது அதில் ஒரு பாதி. அனுப்பியவர் இன்னார்தான், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் கையொப்பம் மறுபாதி. இப்போது கையில் இருப்பது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்சுகளுக்கான செயலி. டாக்டர் தன் அறைக் கணினியில் மருந்தின் அளவை எழுதிக் கையொப்பமிடுவார். நர்சின் போனில் அது திறக்கும். இவள் சோதனைக்காக இடையில் புகுந்து ஐந்தை ஆறாக்கிவிட்டு, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன் அதைத் திறக்க மறுக்க வேண்டும். மறுத்தால் முகம் மலரும். ஒரே ஓர் எழுத்தையோ எண்ணையோ மாற்றிவிட்டு இப்படிக் காத்திருக்கும் வழக்கத்தால்தான் அலுவலகத்தில் அவளுக்கு 'ஓரெழுத்து மேடம்' என்று பெயர்.

நிரல் எழுதுகிறவர்கள் உற்சாகமாக வந்து நிற்பார்கள். "மேடம், எல்லா டெஸ்ட்டும் பச்சை! எல்லாம் பாஸ்!"

"பச்சை வர்றதுல என்ன இருக்கு? தப்பைக் குடுத்தா செவப்பு வருதா, அதைக் காட்டு."

எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லும் செயலியை அவள் நம்பவே மாட்டாள். பார்த்துச் சரி என்கிறதா, பார்க்காமலே சரி என்கிறதா என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. மேலாளருக்கு இது புரிய நெடுநாள் ஆயிற்று. புரிந்த சந்தோஷத்தில் அவர் ஒரு கூட்டத்தில், "அப்ப கையொப்பம் பொருந்திடுச்சுன்னா மருந்தும் சரிதான், கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்" என்றார்.

"ஐயையோ, அப்படிச் சொல்லிடாதீங்க சார். குடுத்தது யாருன்னு மட்டுந்தான் அது சொல்லும். குடுத்தது சரியான்னு சொல்லாது. டாக்டரே தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார்னு வைங்க, நம்ம செயலி கதவைத் திறந்து வாங்க வாங்கன்னு கூப்பிடும்."

மேலாளர் அன்றைக்கு வேறு எதுவும் புரிந்துகொள்ள முயலவில்லை.

இந்தப் புத்தி அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் அடுத்தவர் நீட்டிய காகிதத்தைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கிய மனிதர், வீட்டுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுவாரா? பால் பாக்கெட்டின் தேதி, கடைக்காரரின் தராசு, மகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். புருவம் இரண்டும் நடுவில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த முடிச்சைப் பார்த்துத்தான் வீடே பயந்தது.

போன வருடம் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கும் முதலில் விடவில்லை. மாத்திரை ஒவ்வொன்றுக்கும் பெயர் என்ன, எதற்கு, தேதி முடிந்ததா என்று விசாரணை நடக்கும். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தவள் அவள்தான். நோய் முற்றிய ஒரு நாளில் அவர் எதுவும் கேட்காமல் உள்ளங்கையை விரித்தார். அவள் மாத்திரையை வைத்தாள், விழுங்கிவிட்டார். உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகும் கேள்விகள் திரும்பி வரவில்லை. தட்டில் எது விழுந்தாலும் சரி. டாக்ஸிக்காரர் எந்த வழியில் போனாலும் சரி.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான்டி எனக்கு நல்ல புருஷன் கெடைச்சிருக்கார்!" என்று போனில் உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள். மகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்பா நாற்காலியில் இருக்கிறார், அப்பாவுக்குள் அப்பா இருக்கிறாரா? கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறாரோ? அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "உன் ஆபீஸ் புத்திய ஆபீஸ்லயே விட்டுட்டு வா. மனுஷன் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ஒருநாள் காலையில் முந்தைய நாள் நாளிதழை மடித்துக் கையில் கொடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார், ஒரு வார்த்தை இல்லை. இன்னொரு நாள் அவர் கண்ணெதிரிலேயே சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தாள். ஏறிட்டுப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய அப்பாவாக இருந்தால் தெருவே கூடியிருக்கும். அன்று அலுவலகத்தில் ஐந்தை ஆறாக்கிவிட்டு, போன் மறுத்ததைக்கூடப் பார்க்காமல் வெறித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒன்று பார்த்துவிடுவது, அதற்கும் சரி என்றால் மறுநாளே நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போவது என்று தீர்மானித்தாள். விடுமுறை நாள், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம். டீ போட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து, மூடி, உப்பு ஜாடியைத் திறந்தாள். அப்பாவின் கோப்பையில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். பெற்ற அப்பனுக்கு இதைச் செய்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. இருந்தும் கொண்டுபோய் நீட்டினாள்.

வாங்கினார். ஒரு வாய் குடித்தார்.

புருவம் இரண்டும் நடுவில் வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டன.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டட்டும், கோப்பையை வீசி எறியட்டும், இன்னும் ஒரு மாதத்துக்குப் பேசாமல் இருக்கட்டும். அவர் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீயாம்மா போட்டே?"

"ஆமாப்பா."

"அம்மா போடலியே?"

"இல்லப்பா, நான்தான்."

"அப்ப சரி" என்று மறுபடியும் உறிஞ்சினார்.

"அப்பா, அதுல உப்புப்பா!"

"தெரியுது. நான் ரிட்டயர் ஆயிட்டேன், நாக்கு இன்னும் ஆகல."

"தெரிஞ்சுமா குடிக்கறீங்க?"

அவர் அதை ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கமான குரலில் சொன்னார். "நேத்துப் பேப்பரயும் நீதானே குடுத்தே. கடிகாரத்தையும் நீதான் தள்ளி வெச்சே. ஆஸ்பத்திரில அத்தனை மாத்திரையும் நீதானேம்மா குடுத்தே, பொழச்சு எழுந்து வந்தேன். நீ குடுத்தா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்." சொல்லிவிட்டு, கடமையை முடிக்கிறவர்போலக் கோப்பையை மீண்டும் வாயருகே கொண்டுபோனார்.

வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். கைகழுவும் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. அங்கே போகவில்லை. அப்பாவின் நாற்காலியை ஒட்டி நின்றபடி, மிச்சமிருந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள்.