என் கால் ஊசியும் அவர் மேல் விழுந்த பழியும்

என் தங்கை மகளுக்கு அப்போது நான்கு வயதுகூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலேயே வந்து நின்று, "பெரிம்மா, உன் கால்ல யாரு பேனாவுல கிறுக்குனது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கட்டைவிரலை எச்சில் பண்ணி என் முழங்காலுக்குப் பின்னால் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். தேய்த்தும் போகவில்லை என்றதும் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தாள்.

அது பேனா இல்லை, நரம்பு. நீலமும் ஊதாவும் சிவப்புமாக, தையல் பெட்டியில் சிக்கிக்கொண்ட நூல் மாதிரி தொடையோரம் ஒரு கொத்து, முழங்காலுக்குப் பின்னால் ஒரு கொத்து. கும்மிடிப்பூண்டியில் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. விளக்கு போட்ட மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே ஒவ்வொரு வளையத்தையும் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்க வேண்டும். ஷிப்ட் முழுக்கப் பிசிறு தேடுகிறவள் என் காலை அதுவரை பார்த்ததே இல்லை. வலி என்று எதுவும் கிடையாது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். ஆனால் குழந்தை தேய்த்த அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. குளிக்கப் போனால் முதலில் கால். நைட்டி மாற்றினால் முதலில் கால்.

செல்போனில் தேடியபோது இதற்கு ஊசி இருப்பது தெரிந்தது. அந்த மெல்லிய குழாய்க்குள்ளேயே மருந்தைச் செலுத்தினால் அது சுருங்கி ஒட்டிக்கொண்டு மெதுவாக மறைந்துவிடுமாம். சென்னைக்குப் போனால், எங்கள் ஊர் பொன்னேரியிலிருந்து போகும் ரயிலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கூட வருவார்கள். அதனால் திருவள்ளூரில் ஒரு லேடி டாக்டரைப் பிடித்தேன். எதிர் வீட்டு அக்காவிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். நாற்பத்தைந்து வயதில் காலை அழகு பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? என் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, "செத்தாலும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிப்காட் ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. எடையைச் சொன்னால் டிரைவர்களுக்குக் கேட்காது, குரல் அவ்வளவு சின்னது. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருவார். அது திரும்பி வந்தால் திரும்பவும் ஏந்துவார்.

பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்துப் போனோம். டாக்டர் முதலில் காலில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார். உள்ளே இருக்கும் பெரிய குழாய்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். "வெளியில தெரியறதுதான் தொந்தரவு. ஒரே நாள்ல போகாது. மூணு சிட்டிங் ஆகலாம், ரெண்டுலயே சரியாகவும் சான்ஸ் இருக்கு. முதல்ல பார்க்கிறதுக்கு இப்போ இருக்கறதவிட மோசமா இருக்கும், பயந்துடாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். அந்தக் கடைசி வாக்கியத்தை அன்று நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஊசி தலைமுடி கனம்தான். ஒவ்வொரு குத்தும் எறும்பு கடித்தது மாதிரி, அப்புறம் கொஞ்சம் எரிச்சல். ஆனால் ஒரு குத்தோடு முடிகிற வேலை இல்லை, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று போய்க்கொண்டே இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தார். நர்ஸம்மா என் காலை விட்டுவிட்டு அவரிடம் ஓடி, தண்ணீரில் குளுக்கோஸ் கலந்து கொடுத்தாள். "ஊசி உங்களுக்கா சார், அவங்களுக்கா?" என்று கேட்டாள். "அவங்களுக்குத்தான்" என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

முடிந்ததும் பஞ்சு வைத்து ஒட்டி, தொடைவரை ஏறும் இறுக்கமான காலுறை ஒன்றை இரண்டு கால்களுக்கும் மாட்டிவிட்டார்கள். உடனே நடக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். வாட்ச்மேன் முதலில் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் என்ன வேண்டுதலோ என்று விட்டுவிட்டார்.

ஒரு வாரம் அந்தக் காலுறையோடு வேலைக்குப் போனேன். பொன்னேரி வெயிலில் அது காலைப் பிடித்து வைத்திருந்த விதத்தை என்னால் விவரிக்க முடியாது. கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன நாள் வந்ததும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவுடனே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். காலுறை அசையவில்லை. வியர்வையில் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் இழுக்கறேன், நீ கட்டிலப் புடிச்சிக்கோ" என்றார்.

இழுத்தார். காலோடு சேர்ந்து நானும் வந்தேன்.

"ஐயோ! வலிக்குது! உடுங்க!"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

"உடுங்கன்னு சொல்றேன்ல! ஐயோ அம்மா!"

பட்டென்று கழன்றது. அவர் பின்னால் போய்ப் பாத்திர அலமாரியில் மோதினார். குடமும் அண்டாவும் உருண்டன. நான் அலறினேன். அந்தச் சத்தமெல்லாம் அடங்கியதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து நின்று, வாழ்நாளில் முதல்முறையாகத் தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார்: "இன்னும் ஒரு கால் பாக்கி கீது!"

மறுநாள் காலை வாசல் தெளிக்கும்போது பழக்க தோஷத்தில் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கால் எப்படி இருந்தது என்றால், மோசமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதைவிட மோசமாக இருந்தது. ஊதா, பச்சை, மஞ்சள், நடுவே பழுப்புத் திட்டுகள். எதிர் வீட்டு அக்கா தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தார். நான் சட்டென்று நைட்டியை இறக்கினேன். "பல்லு வலி சரியாய்டிச்சா?" என்று மட்டும் கேட்டார். "ஆய்டிச்சிக்கா" என்றேன்.

அக்கா ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் செய்கிறார். தனியாக இருக்கிறார், எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. அந்த வாரம் முழுக்க என் கணவர் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர் பேசுவதில்லை. பக்கத்து வீட்டம்மா இவரைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார். "நான் இன்னா பண்ணேன்?" என்றார். "உங்களுக்கா தோணுது, சும்மா இருங்க" என்றேன். என் கவனமெல்லாம் பச்சை எப்போது மஞ்சளாகும் என்பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாவு மில்லுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். வாசலில் நிறைய செருப்புகள். உள்ளே என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அக்காவும் குழுவில் இருந்து இன்னும் நான்கு பெண்களும் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள். நான் மாவு டின்னோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

"தம்பி, நேராவே கேக்கறேன்" என்றார் அக்கா. "உன் பொண்டாட்டி கால்ல கீற காயம் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்க்கா."

"யாரு பண்ணது?"

"அத்த நான் சொல்லக் கூடாதுக்கா. வெளிய யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பேச்சு."

"பாத்தியா" என்றாள் ஒருத்தி. "மெரட்டி வெச்சிகிறான்."

"அன்னிக்கி சாயங்காலம் அது கத்துனது எங்க காதுல உழலன்னு நெனச்சிக்கினியா?" என்றார் அக்கா.

"அது கொஞ்சம் வேகமா இழுத்துட்டேன்க்கா. மெதுவா இழுத்தா வரல."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். அக்கா மட்டும் பொறுமையாக இருந்தார். "சரி, போனது போவட்டும். இனிமே இந்த மாரி நடக்காதுன்னு எங்க எதிர்ல சொல்லு."

என் கணவர் யோசித்தார். சத்தியத்தையும் காப்பாற்ற வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது. கடைசியில் சொன்னார்: "இன்னும் ரெண்டு தபா கீதுக்கா."

"இன்னாது?"

"அடுத்த மாசம் ஒன்னு. அப்பறம் பாத்துட்டு, தேவப்பட்டா இன்னொன்னு."

டின் என் கையிலிருந்து நழுவியது. சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

"நீ ஒன்னியும் பேசாத, நான் சொல்றத மட்டும் கேளு. என் ஊட்டு பின்னால ரூம் ஒன்னு காலியா கீது. எப்ப வேணா துணிய எடுத்துக்கினு வா. யாரு கேட்டாலும் நான் பேசிக்கறேன்."

"அக்கா, அது வந்து..."

"நானும் இப்டித்தான், அது வந்து இது வந்துன்னு சொல்லிக்கினு இருந்தேன். மாடிப் படில உழுந்துட்டேன்னு சொல்லுவேன். எங்க ஊட்ல மாடியே கெடையாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னு தெனம் வாசலப் பாப்பேன். தெருவே கேட்டுக்கினு இருந்தது, ஒருத்தரும் வரல. அதான் இன்னிக்கி நான் வந்தேன்."

இத்தனை வருடம் எதிரெதிரே இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய விஷயத்தோடு வந்து நிற்கிறவரிடம் என் நூல் நரம்பை எப்படிச் சொல்வது? ஆனால் வெளியே என் கணவர் உட்கார்ந்திருந்தார். நான் நைட்டியைத் தூக்கிக் காலைக் காட்டி, ஊசி, திருவள்ளூர், காலுறை, சத்தியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நம்ப வேண்டுமே என்று சமையலறைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த காலுறையையும் உருவிக் காட்டினேன்.

அக்கா காலுறையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"அப்ப பல்லு?"

"பல்லு நல்லாதான் கீதுக்கா."

"நீயா டாக்டராண்ட போயி, குத்து குத்துன்னு காட்டிக்கினு வந்தியா?"

"ஆமாக்கா."

"அட பேஜாரு புடிச்சவளே!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அந்த விவகாரம் முழுவதிலும் என் மேல் விழுந்த ஒரே அடி அதுதான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். இந்தத் தடவை கண்ணும் சிரித்தது.

அடுத்த சில நிமிடங்களில் என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, ஹாலில் எல்லோரும் அவரவர் சேலையைத் தூக்கிக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் இல்லாத கால் ஒன்றுகூட அங்கே இல்லை. "இத்த எல்லாம் கணக்குலயே எடுத்ததில்லியே" என்றாள் மிரட்டல் என்று சொன்னவள், கொஞ்சம் கவலையாக.

அவர்கள் போன பிறகு வாசல் படியில் என் கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அக்கா மன்னிப்புக் கேட்டிருந்தார். மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பு வரும் என்றும் சொல்லியிருந்தார். இவர் முகம் மட்டும் தெளியவில்லை.

"நான் அடிப்பேன்னு எப்டிம்மா நம்புனாங்க? என்ன இத்தினி வருசமா பாக்கறாங்களே."

"பாக்கறதுக்கு சாதுவா இருந்தா அடிக்க மாட்டாங்கன்னு ஒன்னும் கெடையாதுன்னு அக்கா சொல்றாங்க."

"அதுவும் கரெக்ட்டுதான்" என்றார். பிறகு, "வந்து கேட்டாங்களே, நல்லதுதான். ஆனா ஒரு வாரமா டீ குடிக்க முடியல" என்றார்.

அடுத்த மாதம் திருவள்ளூருக்கு அக்காவும் வந்தார். என்னதான் செய்கிறார்கள் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிச்சா சொல்லு, நான் கேக்கறேன்" என்று டாக்டருக்குக் கேட்கும்படியே சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே திரும்பியவர், அக்காவின் கணுக்காலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். சேலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார். கெண்டைக்காலில் கயிறு மாதிரி ஒரு நரம்பு முறுக்கிக்கொண்டு இறங்கியது. அதன் கீழே தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"இது எத்தனை நாளா?"

"அது கெடக்குது மேடம், அடுப்பாண்ட நிக்கறவ காலு அப்டித்தான் இருக்கும். நீங்க இத்த பாருங்க."

"இவங்களுக்கு அழகுக்கு. உங்களுக்கு வைத்தியம். இப்படியே விட்டா புண்ணாகும்" என்றார் டாக்டர்.

அக்கா பஸ்ஸில் பெரியபாளையம் வரைக்கும் வாதாடினார். பிறகு வழிக்கு வந்தார். சென்னை அரசு ஆஸ்பத்திரியில் அந்த நரம்பைச் சரி பண்ண நானும் குழுப் பெண்களும் மாற்றி மாற்றிக் கூடப் போனோம். இப்போது புண்ணுக்கு வழியில்லை, கறுப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம்.

என் கால் எப்படி என்று கேட்டால், வலது கால் கிட்டத்தட்ட சுத்தம். இடது காலில் பழுப்பு மறைய மாதக்கணக்கில் ஆனது, ஒரு கொத்து போகவே இல்லை. கணுக்காலுக்கு மேலே புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. மூன்றாவது தடவை நான் போகவில்லை. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மேசைக்கு உயரமான ஸ்டூல் வாங்கிவிட்டேன். நின்றபடியே இருக்கக் கூடாது, நடக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே டாக்டர் சொல்லியிருப்பதால், சாயங்காலம் நானும் அக்காவும் வயல் ரோட்டில் நடக்கிறோம். சில நாள் என் கணவரும் வருவார். வாய்க்கால் பாலம் வந்ததும் அக்கா கட்டைச்சுவரில் உட்கார்ந்து, "டாக்டர் சொன்னது இம்மா தூரந்தான்" என்பார். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வோம்.