வேர் அறுத்து வாங்கிய கொத்தமல்லி

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பினேன். கடற்கரை பார்க்க அல்ல. மூலக்குளத்தில் இருக்கும் என் தங்கை சரோஜா நோயில் படுத்து, ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை. அன்று மாலைக்குள் வாய்வழியாக ஏதும் இறங்காவிட்டால் மறுநாள் மூக்கில் குழாய் வைப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். போனில் அவள் கேட்டது ஒன்றுதான்: "கொத்தமல்லி ரசம் வேணும்ணா."

காலை 6.40 பேருந்து, டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்கு மழையில் ஒன்றரை மணி நேரம். மூலக்குளம் வழியில்தான் வந்தது. இறங்காமல் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்று கடைகளில் அழுகல்தான். காய் வாங்கினால் கொசுறாகப் போடும் கொத்தமல்லி, அன்றைக்குக் கட்டு நாற்பது ரூபாய்!

நான்காவது கடைக்கார அம்மா ஒரு கட்டை உதறிக் காட்டினார். வேரெல்லாம் சேறு.

"சேத்தோட எப்படிம்மா எடுத்துட்டுப் போறது? வேர வெட்டிடுங்க."

"வேரு இருக்கட்டும் சார், கழுவிக்கலாம்."

"பரவால்ல, வெட்டுங்க."

"வாத்தியாரா சார் நீங்க? சொன்னா கேக்க மாட்றீங்களே!" சிரித்தபடி வெட்டிப் போட்டார்.

ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய். 9.10க்கு வீட்டில் இருந்தேன். சரோஜாவின் மகள் தேவி கட்டைப் பிரித்தாள்.

"வேர் எங்க மாமா? அம்மா வேரத் தட்டிப் போட்டுத்தான ரசம் வைப்பாங்க. இலை சும்மா மேல தூவுறதுக்கு."

ஆணிவேருக்கு உதாரணமாகக் கொத்தமல்லிச் செடியையே வகுப்பில் பிடுங்கிக் காட்டியவன் நான். 

தேவி தண்டை இடித்து, மிளகு சீரகத்தோடு கொதிக்கவிட்டாள். சரோஜா முதல் கரண்டியை வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"நல்லாருக்குண்ணா," என்றாள். இரண்டாவது கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. மாலைக்குள் மூன்று முறை சுடவைத்தோம். மறுநாள் குழாய் வைத்தார்கள்.

வேர் இருந்திருந்தால் குடித்திருப்பாளா? "நோவு முத்திடுச்சு, நீங்க என்னா பண்ணுவீங்க மாமா," என்கிறாள் தேவி. எனக்குத் தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஏழரைக்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடுங்கள். கொத்தமல்லியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டாமல் செய்தித்தாளில் சுற்றுங்கள். படுத்திருப்பவர் ஒன்றைக் கேட்டால், அதை எப்படிச் சமைக்க வேண்டும் என்றும் அவரிடமே கேளுங்கள். நான் கேட்டிருந்தால் சரோஜா போனிலேயே கால் மணி நேரம் சொல்லியிருப்பாள். இப்போது குழாயோடு அவளுக்குப் பேச்சு வருவதில்லை.