சிவப்புத் துணி கட்டிய மூங்கில்

எங்கள் வீட்டு மாடிப்படி ஓரமாக ஒரு மூங்கில் கழி சாத்தியிருக்கிறது. ஆளுயரத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளம். அடிமுனையில் இரும்புப் பூண், முழத்துக்கு ஒரு வெட்டு. வருகிறவர்கள் ஒட்டடைக் கம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா கொய்யாக்காய் பறிக்க ஒருமுறை கேட்டார். இல்லை என்று சொல்லி வாய்க்கு வந்த சாக்கு ஒன்றையும் சொன்னேன். தண்ணீருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கேட்டுச் சொல்கிற கழி அது. அதைக் கொடுத்துக் கொய்யா தின்ன எனக்கு மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் பிரேசர் டவுனிலிருந்து பஸ் ஏறிப்போய், ஒரு ஏரியின் படகுத் துறையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை பார்த்தவர்தான் சாரங்கு அண்ணன். கடலூர்ப் பக்கம் விசைப்படகு ஓட்டியவர், பெங்களூரில் மிதிபடகு துடைக்கிறாரே என்று கப்பல் தலைவன் என்ற அர்த்தத்தில் மற்ற படகுக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் அது. "கூப்பிடுங்கடா, காசா பணமா" என்பார். ஏரியை அவர் நம்பவே இல்லை. "கடல் சத்தம் போட்டுட்டு அடிக்கும் தங்கச்சி. ஏரி சிரிச்சுக்கிட்டே குத்தும்" என்பது அவர் பேச்சு. எல்லோரும் சிரிப்போம். ஏரியைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும், குழந்தை தூங்குகிற மாதிரி.

ஏரியின் பெரிய பாகத்துக்கும் தீவுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு குறுகலான கால்வாய் உண்டு. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து பெரிய பெரிய சிலைகளைக் கரைப்பது அதன் வாயில்தான். களிமண் கரைந்துவிடும். உள்ளே நிறுத்தியிருந்த இரும்புச் சட்டமும் ஆணியடித்த பலகையும் எப்படிக் கரையும்? அள்ளவேண்டியது படகுத் துறைக் குத்தகைக்காரர் என்று ஏரிக்குச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள், ஏரிக்குச் சொந்தக்காரர்கள் என்று குத்தகைக்காரர் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மழைக்காலத்தில் பயமில்லை, ஆழத்தில் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீர் இறங்கும், கம்பி முனைகள் மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கும். மேலே ஆகாயத்தாமரை பச்சைப்போர்வை போர்த்தி அதையும் மறைத்துவிடும்.

ஒவ்வொரு வருடமும் சிலை கரைத்த மறுநாள் சாரங்கு அண்ணன் பரிசலில் போய், இந்தக் கழியால் கால்வாயை அடி அடியாகக் குத்திப் பார்ப்பார். "சேறு முழுங்கும், கல்லு தடுக்கும், இரும்பு பதில் சொல்லும்" என்பார். பதில் வந்த இடத்தில் வேறொரு மூங்கிலை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுவார். துணி நான் கொடுப்பது. ரவிக்கை தைக்கிற பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வருவேன். படகு ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "செவப்பு கண்டா சுத்திப் போங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

குத்தகைக்காரரின் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "ஏன்ரீ சாரங்கு, இது ஏரியா, ஆஸ்பத்திரியா? செவப்பு பாத்தா ஜனங்க பயந்துட மாட்டாங்க?" என்று கன்னடம் கலந்து கேட்டுவிட்டு, ஆள்விட்டுப் பிடுங்கச் சொல்வார். இவர் மறுநாள் காலையில் மறுபடி நடுவார். பிடுங்குவதும் நடுவதுமாக ஒரு வருடம் மூன்று தடவை நடந்தது. நாலாம் தடவை வேலை போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அண்ணனுக்கு ஊரில் கட்டிக்கொடுக்கவேண்டிய தங்கைகள் இரண்டு பேர்.

அவர் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அவர் நாலாவது முறை நட்ட கழிக்கு, யாருக்கும் சொல்லாமல் மிதிபடகில் போய், என் கைப்பையில் இருந்த மஞ்சளும் குங்குமமும் பூசி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்திவைத்துவிட்டு வந்தேன். அவ்வளவுதான். பிடுங்கப்போன ஆள் தூரத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். மேனேஜரும் வேறு ஆளை அனுப்பவில்லை. பிள்ளையாரைக் கரைத்த இடம் வேறு. யாருக்குத் துணிச்சல் வரும்? மாசக்கணக்கில் கழி அசையாமல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, ஒரு மாமியாரும் மகனும் மருமகளும் மிதிபடகு எடுத்தார்கள். தண்ணீரில் மிதக்கவைக்கிற உயிர்காப்பு ஜாக்கெட்டின் கொக்கியை மாட்டச் சொன்னதற்கு மாமியார் சண்டைக்கு வந்தார். "ஏம்பா கழுத்த நெரிக்கிறே? நான் என்ன இலங்கைக்கா போறேன்?" சாரங்கு அண்ணன் விடவில்லை. "கொக்கி போடாத ஜாக்கெட் பொணத்துக்குப் போட்ட மாலைம்மா. மாட்டுனாதான் படகு நகரும்." அந்த அம்மாள் முறைத்துக்கொண்டே மாட்டினார். நடுவழியில் குங்குமக் கழி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சாமியைத் தாண்டிப் போகலாமா, தலையில் இருக்கிற பூவைச் சாத்திவிட்டுப் போவோம் என்று படகை நேராக அதன் பக்கம் விடச் சொல்லியிருக்கிறார். கிட்டே வராதே என்று நட்ட கழிதான் அவர்களை வா வா என்று கூப்பிட்டிருக்கிறது.

கிழிகிற சத்தம் துறைவரை கேட்டது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூன்று பேரும் தண்ணீரில். பரிசல் போய்ச் சேரும்வரை கொக்கி மாட்டிய ஜாக்கெட்டுகள்தான் அவர்களைப் பிடித்துவைத்திருந்தன. மாமியாருக்கு முழங்காலுக்குக் கீழே கம்பி கீறி ரத்தம். கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே, "ஜாக்கெட்டு பொணத்து மாலையாகாம பண்ணியே, நீ நல்லா இருப்பேப்பா" என்று சாரங்கு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு நான் அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன், குங்குமம் வைத்தது நான்தான் என்று. திட்டுவார் என்று நினைத்தேன்.  "சாமின்னு சொன்னா கும்பிடத்தான் வருவாங்க தங்கச்சி. இரும்புன்னு சொல்லு. வேலை போனா போவட்டும்" என்றார்.

மறுநாள் காலையில் மேனேஜர் விபத்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "பயணிகள் எழுந்து நின்றதால் படகு கவிழ்ந்தது" என்று எழுதச் சொன்னார். சாரங்கு அண்ணன் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். அவர் பேனாவைத் தொடவில்லை. கயிற்றையும் கொக்கியையும் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவரைக் கேலி செய்துகொண்டிருந்த படகுக்காரர்கள் இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே பின்னால் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சட்டம் வெளியே வந்துவிட்டது. ஒரு கட்டில் அகலம். நாலு பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு, பாசி வழிய. இழுத்துவந்து என் டிக்கெட் ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டார்கள்.

"எடுத்துப் போடு, இல்லாட்டி நீ போ" என்றார் மேனேஜர்.

"நான் போறேன். இது இருக்கட்டும். ஏறுறவங்க பாத்துட்டு ஏறட்டும்."

அண்ணன் தொடாத பேனாவை நான் எடுத்தேன். எழுதினேன்: "தண்ணீருக்குள் கிடந்த இரும்புச் சட்டம் குத்திப் படகு கிழிந்தது. அது டிக்கெட் ஜன்னலுக்கு எதிரில் கிடக்கிறது, பார்க்கலாம்." கீழே என் கையெழுத்து. அன்று சாயங்காலம்வரை டிக்கெட் கேட்டவர்களிடமெல்லாம் அதைக் காட்டினேன். பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். சாயங்காலம் எனக்கும் வேலை போனது. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன் என்று சொன்னால் பொய். ஆனால் தலை குனியவில்லை.

அண்ணன் கழியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கடலூருக்கே போய்விட்டார். மறுபடி விசைப்படகுதான். தங்கைகள் கல்யாணம் தாமதமானாலும் நடந்தது. வருடத்துக்கு ஒருமுறை போன் செய்வார். சுகமா என்று கேட்பதற்கு முன்னால், "துணி கட்டினியா?" என்பார்.

நான் இப்போது பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்க்கிறேன். ஏரியில் குத்தகைக்காரர் மாறிவிட்டார், படகுகளின் நிறம் மாறிவிட்டது, கால்வாய் மட்டும் மாறவில்லை. சிலை கரைத்த மறுநாள் லீவு போட்டுவிட்டு, இந்தக் கழியையும் நாலைந்து மூங்கிலையும் தூக்கிக்கொண்டு போகிறேன். மீன் பிடிக்கிற ஒருவர் பரிசலில் ஏற்றிக்கொள்வார். இந்த வருடம் நான் சிவப்புத் துணியைக் கட்டி முடித்ததும், அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கும்பிடக் கை எடுத்தார்.

"கையை இறக்குங்க. இது சாமி இல்ல, இரும்பு. வர்றவங்க போறவங்ககிட்ட நீங்களும் அப்படியே சொல்லுங்க" என்றேன்.

"பிடுங்கிடுவாங்களே அக்கா?"

பிடுங்கட்டும். கழி மாடிப்படி ஓரமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆலையில் சிவப்புத் துணிக்குப் பஞ்சமில்லை.