இரண்டு வாசல் கவிதையும் இரண்டு டேங்க் கவிதையும்

லண்டனில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு இரண்டு வாசல். கண்ணாடிக் கதவு போட்ட முன்வாசல் முழு வாடகை கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு. குப்பைத் தொட்டிகளைத் தாண்டிப் போகும் பக்கவாசல், கவுன்சில் தயவில் குறைந்த வாடகைக்கு இருப்பவர்களுக்கு. வெள்ளைக்காரர்கள் பக்கவாசலில் நுழைய, நான் முன்வாசலில் நுழைவது வந்த புதிதில் விநோதமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

பக்கவாசல்காரரான மார்கரெட் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அந்த வாசல்களைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தார். நூலகத்தில் அதை வாசிக்கப் போவதாகவும், என் மொழியிலிருந்தும் அப்படி ஒன்று கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு உடனே அமுதாவின் கவிதை நினைவுக்கு வந்தது. அமுதா எங்கள் ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். திருச்செங்கோட்டில் என்னோடு இன்ஜினியரிங் படித்து, இப்போது அங்கேயே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன் போட்டுக் கேட்டேன்.

"தாராளமா படிங்க. நானும் வீடியோவுல கேக்கறனுங்க" என்றார்.

எங்கள் ஊரில் குடிதண்ணீருக்குப் போர் போட்டது என் அப்பாவின் ரிக் வண்டி. தண்ணீர் தட்டியதும் கம்ப்ரசர் பீய்ச்சியடித்த சேறு, ஊரென்றும் காலனியென்றும் பார்க்காமல் நின்றவர்கள் எல்லோரையும் தலையோடு நனைத்ததை அமுதா எழுதியிருந்தார். துணி காய்ந்ததும் இரண்டு டேங்க் கட்டினார்கள், ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று. கவிதை அத்தோடு முடிந்துவிடும். மார்கரெட்டின் கவிதையிலோ வரிக்கு வரி 'நான்' உண்டு. அது கதவை உதைக்கிறது, நியாயம் கேட்கிறது. கேட்டால் திறப்பார்கள் என்ற நம்பிக்கை இருப்பவருக்குத்தான் அப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தோன்றியது. அமுதா யாரிடமும் எதையும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கவிதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தேன். மார்கரெட் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், நீயும் அந்த இரண்டாவது டேங்கில்தான் குடித்தாயா?" என்று கேட்டார். இல்லை, நான் முதல் டேங்க் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அறை முழுக்க என்னையே பரிவோடு பார்த்தது. அந்தப் பரிவு இனித்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். போதாததற்கு, "அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும்" என்று வேறு சேர்த்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்ததும்தான் போனைக் காதில் வைத்தேன். அமுதா இணைப்பைத் துண்டித்திருக்கவில்லை.

"ரெண்டு டேங்குக்கும் ஒரே போருதானுங்களே. எங்குளுக்கு மட்டும் உப்பு எங்கிருந்துங்க வந்துச்சு?"

குரலில் கோபமே இல்லை. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று உளறினேன்.

"பரவால்லீங்க. ஊருக்கு வாரப்ப எங்க ஊட்டுக்கு வாங்க. ஒரு சொம்பு தண்ணி குடிச்சுப் பாத்துட்டு, உப்பா இல்லையான்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்தேன். மார்கரெட்டிடம் உண்மையைச் சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவர் என் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். நாங்கள் ஒரே கட்சி என்று நினைக்கிறார். கூனிக் குறுகி முன்வாசல் வழியாகவே மேலே போகிறேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் புறப்படுகிறேன். அமுதா வீட்டுக்குப் போகப் போவதை நேற்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"போயிட்டு வா சாமி. படிச்ச புள்ள, மதிச்சுக் கூப்புடுது" என்றார் அம்மா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "தண்ணி கிண்ணி குடுத்தா மட்டும் வாங்காத. ஒரு கலர் ஒடைக்கச் சொல்லிக் குடிச்சுக்க."

மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் என்றால் தீட்டில்லை. காலனிக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள், போனதுபோலவும் ஆச்சு, ஒட்டாததுபோலவும் ஆச்சு என்று கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி அது. லண்டனில் அத்தனை பேர் முன்னால் காலனி டேங்கில் குடித்து வளர்ந்ததாகச் சொன்ன இந்த வாய், கொஞ்சமும் தயங்காமல், "சரிங்மா" என்றது.